மூன்று டாலர் எழுபது

பிளக்கைச் செருகிய கையை இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் சார்ஜர் திரையில் எழுத்து வந்துவிட்டது: "மீண்டும் வருக, டேரல். சார்ஜ் ஏறுகிறது."

நெரிடா பிளக்கைப் பிடுங்கப் பார்த்தாள். அது பூட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் அவளுடைய கார்டு அப்படியே இருந்தது. தபால் ஆபீஸ் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து வாங்கிய, பேர் இல்லாத கார்டு. உள்ளே நூற்றிருபது டாலர். யார் கணக்கிலும் ஏறாமல், யார் கண்ணிலும் படாமல் டவுன்ஸ்வில்லில் இருக்கும் தங்கை ட்ரூடி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம். அந்தக் கார்டைத் தட்டுவதற்கு முன்னாலேயே மெஷின் காரை அடையாளம் கண்டுகொண்டது. கார் டேரல் பேரில். கணக்கு டேரல் பேரில். இந்நேரம் அவன் போனுக்குச் சேதி போயிருக்கும்: ஹியூன்டன், மதியம் பன்னிரண்டு ஐம்பது, சார்ஜ் ஆரம்பம்.

டேரல் அவள் புருஷன். பதினொரு வருஷமாக.

காலையில் ரிச்மண்டில் வேறு கம்பெனி மெஷின். கார்டைத் தட்டினாள், பிறகு செருகினாள், ஒரு வில்லங்கமும் இல்லை. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கார்டை எங்கே தட்டுவது என்று தேடிக்கொண்டே செருகிவிட்டாள். போன வருஷம் டேரல் இதே இடத்தில் நின்று காரை அவன் கணக்கோடு கோத்துவிட்டிருக்கிறான், செருகினாலே போதும் என்று. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு நாள் கூட பொது மெஷினில் பிளக்கைத் தொட்டதில்லை. அவன் தொட விட்டதில்லை. சார்ஜுக்கு என்ன செலவாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவது அவள். பிளக்கைச் செருகுவது, ரசீதைப் பார்ப்பது, தீர்ப்புச் சொல்வது அவன்.

மஞ்சள் அட்டை நோட்டு ஒன்று உண்டு. எந்தப் பயணமானாலும் முந்தின நாள் சாயங்காலம் அவள் அதில் எழுத வேண்டும். எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், எதிர்க்காற்றா பின்காற்றா, ஏற்றம் எங்கே, எத்தனை யூனிட் போகும், எந்த ஊர் மெஷினில் யூனிட் என்ன விலை, ஆக மொத்தம் எவ்வளவு. பக்கத்தில் ஆன செலவு. அதன் பக்கத்தில் வித்தியாசம். கடைசிப் பத்தியின் தலைப்பு: விளக்கம். வித்தியாசம் ஒரு டாலரைத் தாண்டினால் அவள் விளக்கம் எழுத வேண்டும். அவன் டீசலுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிற லாரிக்காரன். அந்தக் கணக்கை யாரும் கேட்டதில்லை. என்ன மனுஷனோ, போங்கள்.

பிப்ரவரியில் டவுன்ஸ்வில் போய்த் திரும்பினார்கள். நெரிடா ஓட்டினாள், பின்சீட்டில் டேரல் வாயைப் பிளந்து தூங்கினான், முன்சீட்டில் அவன் அம்மா பெரில். வெளியே நாற்பத்து நாலு டிகிரி. டேரல் காரில் ஏ.சி. போடக் கூடாது, காற்றாடி மட்டும்தான். அதுதான் சட்டம். பெரில் தொப்பியால் விசிறி விசிறிப் பார்த்துவிட்டு, "ஏ.சி.யைப் போடு, அவன்தான் தூங்குறானே" என்று கிசுகிசுத்தாள். நெரிடா போட்டாள். ஜூலியா க்ரீக்கில் அவன் எழுந்து சார்ஜ் போட்டபோது, முப்பத்தொன்று நாற்பது என்று எழுதியிருந்த இடத்தில் முப்பத்தைந்து பத்து வந்தது. வித்தியாசம் மூன்று டாலர் எழுபது.

"யார் போட்டது?" என்றான்.

நெரிடா பெரிலைப் பார்க்கவில்லை. "நான்தான்" என்றாள். பெரில் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு எழுபதுக்கு எத்தனை கிலோமீட்டர் வரும்? நீதான் கணக்குல புலியாச்சே."

"முப்பத்தெட்டு."

அங்கிருந்து அவன் ஓட்டினான். வீடு இருக்கும் குளோன்கரிக்குப் பதினாலு கிலோமீட்டர் இருக்கும்போது காரை நிறுத்தினான். "இறங்கி நட. மிச்சம் இருபத்துநாலைத் தள்ளுபடி பண்ணிட்டேன்" என்று சிரித்தான். தண்ணீர்ப் பாட்டில் கூடக் கொடுக்கவில்லை. அவள் நடந்தாள். பாதி வழியில் வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டை நீட்டினான். விளக்கம் என்ற இடத்தில் அவள் எழுதினாள்: என் தவறு.

அதற்கும் முன்னால் ஒரு தடவை அவள் ஓடிப் பார்த்திருக்கிறாள். அப்போது அவன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றி ஊருக்கு வெளியே கூட்டிப்போய், கைவிட்ட தாமிரச் சுரங்கக் குழி ஒன்றின் விளிம்பில் நிற்க வைத்தான். கல் ஒன்றைப் போட்டான். அது விழுகிற சத்தமே கேட்கவில்லை. "இந்தப் பக்கம் இப்படி முந்நூறு குழி இருக்கு. எந்தக் குழின்னு எவன் தேடுவான்?" என்றான். இன்னொரு முறை போனால் என்ன நடக்கும் என்பதில் நெரிடாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

இன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். டேரல் டார்வின் பக்கம் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறான், வெள்ளிக்கிழமைதான் வருவான். கார் எங்கே போகிறது என்று காட்டும் ட்ராக்கர், பழைய போன் நெட்வொர்க்கை மூடியபோதே செத்துவிட்டது. தன் போனைச் சமையலறை டிராயரில் போட்டுவிட்டு, மஞ்சள் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு காருக்கு வந்தால், முன்சீட்டில் பெரில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, தலையில் தொப்பி.

"எனக்கும் டவுன்ஸ்வில்ல வேலை இருக்கு" என்றாள் எழுபத்தாறு வயது மாமியார். என்ன வேலை என்று சொல்லவில்லை. இறங்கச் சொல்ல நெரிடாவுக்கு வாய் வரவில்லை. ஆறு மணி நேரமாக இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் ஆடுமாடுகளைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள். இவள் நமக்குத் துணையா, மகனுக்கு ஒற்றனா என்று நெரிடா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது பெரில் காரிலிருந்து இறங்கித் திரையைப் படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி மறுபடியும் படித்தாள்.

"அவன் பேரா போட்டிருக்கு?"

"ஆமா." நெரிடா திரையில் நிறுத்தும் பொத்தானைத் தேடினாள். "நிறுத்தணும். எப்படி நிறுத்தறதுன்னு..."

"எதுக்கு நிறுத்தற? போன சேதி போயிருச்சு. நிறுத்தினா திரும்பி வந்துருமா? அவன் பார்க்கிறவரைக்கும் ஏறட்டும்."

அது சரிதான். ஆனால் சரியென்று சொன்னவள் அவன் அம்மா. நெரிடா சார்ஜருக்குப் பக்கத்தில் நின்று சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டில் வந்தது. இருபத்தைந்து. முப்பத்துமூன்று. மாவு சலிப்பதுபோல அவ்வளவு மெதுவாக. அவளுக்கு எண்பது வேண்டும். சார்ட்டர்ஸ் டவர்ஸ் இங்கிருந்து இருநூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். நடுவில் இரண்டு குட்டி ஊர். டாரன்ஸ் க்ரீக், பென்ட்லண்ட். அங்கெல்லாம் இந்தக் காருக்கு மெஷின் கிடையாது. நாற்பத்தொன்று. நாற்பத்தெட்டு.

ஐம்பத்திரண்டில் 'டக்' என்று ஒரு சத்தம். மெஷின் ஓய்ந்தது. திரையில்: "கணக்கு வைத்திருப்பவர் சார்ஜை நிறுத்திவிட்டார்."

பார்த்துவிட்டான். எங்கிருந்தோ ஒரு விரலால் அழுத்தி நிறுத்திவிட்டான்.

நெரிடா பிளக்கைப் பிடுங்கினாள், தன் கார்டைத் தட்டினாள், மறுபடி செருகினாள். "மீண்டும் வருக, டேரல்." பத்து எண்ணுவதற்குள் மறுபடி 'டக்'. இன்னொரு தடவை. அதே வரவேற்பு, அதே 'டக்'. அவனும் அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்று புரிந்தது.

அப்போது பெரிலின் கைப்பைக்குள் போன் அடித்தது.

பெரில் எடுத்தாள். காது மந்தம், அதனால் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். டேரல் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, வீட்டுலயா இருக்கே?"

"இல்லடா. ஹியூன்டன்ல. நெரிடாவோட."

"அங்க என்ன வேலை உனக்கு?"

"கண் காட்டணும்னு எத்தனை மாசமா சொல்றேன், நீ கூட்டிப் போனியா? அவளைக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். நீ என்னடான்னா மெஷினை நிறுத்தி நிறுத்தி விளையாடற. வெயில்ல காயறோம்."

"அவ எங்க?"

பெரில் நேரே நெரிடாவைப் பார்த்தாள். "கக்கூஸ் போயிருக்கா."

"கேளு. டார்வின் லோடு ரத்தாயிருச்சு. நான் டவுன்ஸ்வில் லோடோட வந்துக்கிட்டிருக்கேன். இப்ப சார்ட்டர்ஸ் டவர்ஸ்ல இருக்கேன், சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன். மூணு மணி நேரத்துல அங்க வந்துருவேன். அவளை எங்கேயும் நகர விடாதே. புரியுதா?"

"எங்கடா நகருவா? ஐம்பத்திரண்டை வெச்சுக்கிட்டு? சாவி என் கையில இருக்கு."

"நல்லது அம்மா. அப்படியே வெச்சுக்கோ."

போன் நின்றது. நெரிடா காருக்குள் எட்டிப் பார்த்தாள். கப் வைக்கும் குழியில் சாவி இல்லை. பெரிலின் வலது கை மூடியிருந்தது. விரல் இடுக்கில் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. உண்மையிலேயே சாவி அவள் கையில்தான் இருந்தது.

நெரிடா நாலு பக்கமும் பார்த்தாள். ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது, சுற்றிலும் பொட்டல். போலீசுக்குப் போகலாமா? முந்தின தடவை வேறொரு ஊரில் போனாள். டேரல் வந்து பத்து நிமிஷம் தேனாகப் பேசினான். அவர்களே அவளைக் காரில் ஏற்றி அவனோடு அனுப்பி வைத்தார்கள். பேசாமல் தரையில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

"பெரில்," என்றாள், "சாவியைக் குடுங்க."

பெரில் கையைத் திறக்கவில்லை. "ஐம்பத்திரண்டை வெச்சு டவர்ஸ் போக முடியுமா முடியாதா? முதல்ல அதைச் சொல்லு. முடியாதுன்னா நடுக்காட்டுல நிக்கறதுக்கு இங்கேயே நிக்கலாம்."

கேள்வி கேட்டதும் நெரிடாவின் தலை தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. பதினொரு வருஷப் பழக்கம், பயந்தால் கூட நிற்காது. அறுபத்துநாலு யூனிட் பேட்டரி. ஐம்பத்திரண்டு என்றால் முப்பத்துமூன்று யூனிட். மணிக்கு நூறில் போனால் நூற்றெண்பது கிலோமீட்டரைத் தாண்டாது. எழுபதில், ஏ.சி. இல்லாமல், ஜன்னலையும் மூடிக்கொண்டு போனால் நூறு கிலோமீட்டருக்குப் பதிமூன்று யூனிட். ஆக டவர்ஸ் வரைக்கும் முப்பத்திரண்டேகால் யூனிட்.

"முடியும். ஒண்ணோ ரெண்டோ மிஞ்சும். ஆனா ஒரே ரோடு பெரில். அவன் எதிர்லதான் வருவான்."

"வரட்டுமே. எதிர்ல வர்றவன் எதிர்லயே போகட்டும்."

நெரிடா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று டிரெய்லர் கோத்த வண்டி டேரலுடையது. ஐம்பத்துமூன்று மீட்டர், நூறு டன்னுக்கு மேல். இரண்டு வழிச் சாலையில் அதைத் திருப்பவே முடியாது. திருப்ப வேண்டுமானால் டாரன்ஸ் க்ரீக்கில் லாரிக்காரர்கள் சாப்பிட நிற்கும் ரோட்ஹவுஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மைதானம். அதை விட்டால் இங்கே, ஹியூன்டனில்தான்.

"அவன் டாரன்ஸ் க்ரீக்கைத் தாண்டின பிறகு நாம அவனைக் கடக்கணும்," என்றாள். "தாண்டின உடனே. அப்புறம் அவன் எண்பது கிலோமீட்டர் இங்க வந்து திரும்பி, மறுபடி அதே எண்பதைப் போகணும். சீக்கிரம் போனா அவன் அந்த மைதானத்துக்கு முன்னாடியே நம்மைப் பார்த்துருவான். லேட்டாப் போனா இங்க பக்கத்துலயே திரும்பிருவான்."

"அப்ப எப்பக் கிளம்பணும்?"

அவன் வண்டி தொண்ணூறுக்கு மேல் போகாது, கம்பெனி பூட்டு போட்டிருக்கிறது. ஒன்று இருபத்தைந்துக்குக் கிளம்பினால் மூன்று பத்துக்கு டாரன்ஸ் க்ரீக். "ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் இங்கேயே உட்காரணும்."

பெரில் கையைத் திறந்தாள். வியர்வையில் நனைந்த சாவி. "இந்தா. அதுக்குள்ள உன் தங்கச்சிக்கு என் போன்ல பேசு. அவ காரை எடுத்துட்டு டவர்ஸுக்கு வந்து மெஷின்கிட்ட நிக்கட்டும்."

அந்த அரை மணி நேரம் மாதிரி ஒன்றை நெரிடா வாழ்க்கையில் கடந்ததில்லை. ஓட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கிறது, உட்கார வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ட்ரூடியிடம் பேசினாள். பேக்கரியில் பெரில் இரண்டு மீட் பை வாங்கி வந்தாள். நெரிடாவால் ஒரு வாய் கூட விழுங்க முடியவில்லை. பெரில் இரண்டையும் தின்றாள். "பயந்தா எனக்குப் பசிக்கும்" என்றாள்.

சரியாக இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள்.

எழுபதில் போனால் அந்த ரோட்டில் பெரிய கேலி. கேரவன் இழுத்துப் போகும் கிழவர்கள் கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். காருக்குள் அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் காற்று இழுக்கும், சார்ஜ் போகும், அதனால் மூடியே இருந்தது. அரை மணியில் பெரிலின் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. மூச்சு வாயால் வாங்கினாள். கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தாள், அதுவும் காய்ந்துவிட்டது.

நெரிடாவுக்குப் பொறுக்கவில்லை. ஏ.சி. பொத்தானுக்குக் கை போனது. பெரில் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"மயக்கம் போட்டு விழுந்துருவீங்க பெரில். அஞ்சு நிமிஷம் போடறேன்."

"அஞ்சு நிமிஷத்துக்கு எவ்வளவு?"

"ரெண்டு கிலோமீட்டர் கொறையும்."

"அந்த ரெண்டு கிலோமீட்டரை அங்க போய் யார் நடக்கறது? அன்னிக்கு நீ நடந்தே. நான் இன்னிக்கு உட்கார்ந்துதானே வர்றேன்."

இரண்டு பேரும் அந்தப் பிப்ரவரியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் அதற்கு மேல் பேசவில்லை. நெரிடா கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணி ஆனது. கானல் நீரில் தூரத்து வண்டிகள் மிதந்து மிதந்து வந்தன. ஒவ்வொரு லாரி தெரியும்போதும் நெரிடாவுக்கு உயிர் போய் வந்தது. மாட்டு லாரி ஒன்று. பெட்ரோல் டாங்கர் ஒன்று. இரண்டு ஓட்டுநர்களும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிப் போனார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் அது; எதிரில் வருவது யாரானாலும் ஒரு விரல். நெரிடாவும் பழக்கத்தில் விரல் தூக்கினாள்.

மூன்று பத்து. டாரன்ஸ் க்ரீக் எட்டு கிலோமீட்டர் என்று பலகை வந்தது. ரோடு காலியாக இருந்தது. அவன் கிளம்பவே தாமதித்திருந்தால்? சாப்பிட்டுவிட்டு யாருடனாவது பேசிக்கொண்டு நின்றிருந்தால்? அப்படியானால் மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான் அவனைச் சந்திப்பார்கள், அவன் ஐந்தே நிமிஷத்தில் திரும்பி விரட்டி வருவான். வேகத்தைக் குறைக்கலாமா என்று நினைத்தாள்.

"அதோ" என்றாள் பெரில்.

கானலில் மூன்று மஞ்சள் விளக்கு தெரிந்தது. இல்லை, இரண்டுதான். நடு விளக்கு எரியவில்லை. போன மாதம் கங்காரு மோதி உடைந்தது, டேரல் இன்னும் மாற்றவில்லை.

"அவன்தான்" என்றாள் நெரிடா.

"தலையைக் குனிஞ்சுக்கட்டுமா?"

"வேண்டாம். ஒண்ணும் பண்ணாதீங்க. சாதாரணமா உட்காருங்க."

நூற்றுக்கணக்கான தடவை அவள் கழுவிய சிவப்பு முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. அவன் வண்டியைக் குறுக்கே திருப்பி ரோட்டை அடைத்தால் முடிந்தது கதை. அதற்கு அவன் அவளைக் கண்டுகொள்ள வேண்டும். அவள் ஹியூன்டனில் உட்கார்ந்திருக்கிறாள், சாவி அம்மா கையில் இருக்கிறது என்று நம்பித்தானே வருகிறான்? வெள்ளைக் காரின் முகமெல்லாம் செம்மண். உயரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது, கறுப்புக் கண்ணாடி, தாடி. ஸ்டியரிங் மேலிருந்து ஒரு விரல் எழுந்தது. யாரோ ஒரு வழிப்போக்கனுக்குத் தூக்குகிற அதே விரல். அவள் விரலும் தானாகவே எழுந்தது. அவன் விரல் எழுந்தபடியே இருக்க, வாய் திறப்பதை அவள் பார்த்தாள்.

பிறகு மூன்று டிரெய்லரும் காரை உலுக்கிக்கொண்டு ஓடின. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. நூறு டன் எங்கே உடனே நிற்கிறது? புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் வெகுதூரத்தில் நின்றது. கதவு திறந்து ஒரு ஆள் ரோட்டில் குதித்தான். கையை ஆட்டினான். இவ்வளவு தூரத்தில் அவன் ரொம்பச் சின்னதாக இருந்தான்.

"பார்த்துட்டான்" என்றாள் நெரிடா.

"பார்க்கட்டும். ரோட்டைப் பாரு நீ. எழுபதுக்கு மேல போகாதே."

அதுதான் கொடுமை. பேய் துரத்தினாலும் எழுபது. டாரன்ஸ் க்ரீக் போனது, முப்பத்துமூன்று சதவீதம். பர்ரா மலை ஏற்றத்தில் எண்கள் கொட்டின. முப்பது, இருபத்தேழு, இருபத்துமூன்று. நோட்டில் அவள் பலமுறை எழுதிய ஏற்றம்தான். இறக்கத்தில் ஒன்றிரண்டு திரும்பி வரும் என்று தெரியும், தெரிந்தும் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டு பத்து நிமிஷம் தொடர்ந்தது. டேரல் ரேடியோவில் சொல்லி அனுப்பிய ஆளோ என்று கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். கடைசியில் அது முந்திப் போனது, ஓட்டுநர் விரல் தூக்கினான். பென்ட்லண்டில் இருபத்திரண்டு. அப்புறம் பதினைந்து. ஒன்பது. ஐந்தில் காரே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மணி அடித்தது. பெரில் தலையைக் கதவில் சாய்த்து, கண்ணை மூடி, உதடு வெடித்துக் கிடந்தாள்.

"பெரில். பெரில், பேசுங்க."

"சாகல. ஓட்டு."

ஐந்தரை மணிக்கு டவர்ஸ் வந்தபோது இரண்டு சதவீதம் இருந்தது. ட்ரூடி மெஷினுக்குப் பக்கத்தில் காரோடு நின்றிருந்தாள். ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள், பெரிலைப் பார்த்ததும் திகைத்தாள்.

"இவங்க எதுக்கு?"

"தண்ணி குடு முதல்ல. விசாரணை அப்புறம்" என்றாள் பெரில். இரண்டு பாட்டில் குடித்தாள், மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

நெரிடா மெஷினைப் பார்த்தாள். ஹியூன்டனில் இருந்த அதே கம்பெனி. பக்கத்தில் பலகை: சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காவிட்டால் நிமிஷத்துக்கு ஒரு டாலர். அவள் ஒரு விநாடி யோசித்தாள். பிறகு, இந்த முறை தெரிந்தே, பிளக்கை எடுத்துச் செருகினாள்.

"மீண்டும் வருக, டேரல்."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் ட்ரூடி. "இங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரிஞ்சுருமே."

"தெரியட்டும். கார் இங்க நிக்குதுன்னு நினைச்சு இங்கயே வரட்டும். நாம உன் கார்ல போயிரலாம்."

இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, பெரிலின் போன் அடித்தது. டேரல் டாரன்ஸ் க்ரீக் வரை வந்துவிட்டானாம். நூற்றறுபது கிலோமீட்டர் பின்னால். ஹியூன்டனில் டிரெய்லர்களைக் கழற்றிவிட்டு முன்வண்டியை மட்டும் ஓட்டி வருகிறான் என்று நெரிடாவுக்குப் புரிந்தது. அவன் கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"சாவி உன் கையிலதானே இருந்துச்சு? என்கிட்ட என்ன சொன்னே நீ?"

"இருந்துச்சுடா," என்றாள் பெரில். "அவகிட்ட குடுத்துட்டேன்."

போனை அணைத்து டிரைவர் சீட்டில் போட்டாள். உடனே மெஷினில் 'டக்' என்று சத்தம். அவன் நிறுத்திவிட்டான். திரையில் எழுத்து வந்தது: "சார்ஜ் முடிந்தது. காத்திருப்புக் கட்டணம் தொடங்குகிறது." அவன் வந்து பிளக்கைப் பிடுங்க இன்னும் நூற்றைந்து நிமிஷமாவது ஆகும். அந்தக் கணக்கும் நெரிடாவின் தலையில் தானாகவே ஓடியது. சிரிப்பு வரவில்லை. சாவியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த நோட்டைக் குடு" என்றாள் பெரில். "பேனாவும்."

காரின் கூரை மேல் நோட்டை வைத்துப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். பிப்ரவரியில் நிறுத்தினாள். மூன்று எழுபது. விளக்கம்: என் தவறு. பெரில் அந்த இரண்டு சொல்லையும் ஒரு கோடு போட்டு அடித்தாள். கீழே, கண் சரியாகத் தெரியாததால் பெரிய பெரிய எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

ட்ரூடி நேரமாகிறது என்று ஹாரன் அடித்தாள். நெரிடா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"ஏ.சி. போடச் சொன்னது நான். அவள் இறங்கி நடந்தபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான். - அம்மா."

பெரில் நோட்டை விரித்தபடியே டிரைவர் சீட்டில் வைத்தாள், கதவைச் சாத்தினாள். நெரிடா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ட்ரூடியின் காரில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள்.